மேகம் பார்ப்பதும் ஒரு பாடமே

அஸர் தொழுதுவிட்டு மஃரிபுக்கு முன் சிறிது தூரம் காலாற நடப்பதையும், வரப்பில் நின்று மலைமேல் தவழும் மேகத்தைப் பார்ப்பதையும் வீண்வேலை என்று எண்ணுவோர் நம்மில் உண்டு. "வெறுமனே நடப்பதற்குப் பதிலாகப் பள்ளியில் உட்கார்ந்து தஸ்பீஹ் ஓதலாமே, அத்தா!" என்று பிள்ளைகளே பெரியவர்களிடம் சொல்லிவிடுகின்றனர். மார்க்கம் இதுபற்றி என்ன கூறுகிறது?

வானத்துக்கும் பூமிக்கும் இடையே வசப்படுத்தப்பட்ட மேகத்தில் சிந்திக்கும் மக்களுக்கு அத்தாட்சி இருப்பதாகத் திருமறை கூறுகிறது (2:164). நின்றும் இருந்தும் படுத்தும் அல்லாஹ்வை நினைத்து, வானம் பூமியின் படைப்பைச் சிந்திப்போரை அது புகழ்கிறது (3:191). நாயகம் (ஸல்) அவர்கள் இரவில் விழித்தெழுந்து, வானத்தைப் பார்த்து, ஆலஇம்ரான் அத்தியாயத்தின் இறுதி வசனங்களை ஓதியதை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள் (புகாரி). தொழுகைக்குள் வானத்தை அண்ணாந்து பார்க்கத் தடையுண்டு. வெளியே பார்த்துச் சிந்திப்பது நபிவழி. ஆகவே, ஆகுமான நடை நல்ல நிய்யத்தினால் நன்மையாகிவிடுகிறது.

இந்தப் பாடத்தைப் படிக்கக் கம்பம் பள்ளத்தாக்கைவிடச் சிறந்த மதரஸா வேண்டுமா? ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக் கடலின் ஈரக்காற்று மேற்கு மலையில் மோதி மேலேறுகிறது. குளிர்ந்து மேகமாகிக் கேரளப் பக்கம் கொட்டுகிறது. மலையைத் தாண்டிக் கீழிறங்கும் காற்று சூடேறுவதால், எஞ்சிய மேகம் நம் கண்ணெதிரே கரைந்துவிடுகிறது. மலையேறிக் குமுளிக்குப் போனால் கனமழை. கீழே கூடலூரிலும் கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் காற்றும் சாரலுமே. சின்னமனூருக்கு மேலே மேகமலை வெண்போர்வை போர்த்தி நிற்க, அடிவாரத்தில் வெயில் காயும்! இங்கே பெருமழை, பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையின் வடகிழக்குப் பருவக்காற்றில்தான்.

மேகம் வந்ததனாலேயே மழை வந்துவிடாது. மேகத்தை மெல்ல ஓட்டி, இணைத்து, அடுக்கி, தான் நாடியவர்மீது பொழிந்து, நாடியவரை விட்டுத் திருப்புவதாக அல்லாஹ் கூறுகின்றான் (24:43). காற்றின் காரணத்தை அறிந்துகொள்வதால் ஈமானுக்குக் குறைவில்லை. காற்றை அனுப்பி மேகத்தைக் கிளப்புவதாக அவனே சொல்கின்றான் (30:48). காரணத்தோடு நின்றுவிட்டுக் காரணத்தைப் படைத்தவனை மறப்பதே குறைவு.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம்மைத் தாண்டிப் பெய்த மழையே நம் வயலுக்கு வருகிறது. மேற்கே ஓடிய பெரியாற்றை, 1895-ல் முடிக்கப்பட்ட அணை தேக்க, மலையைக் குடைந்த சுரங்கவழியே தண்ணீர் கிழக்கே இறங்கி, பள்ளத்தாக்கில் சுமார் 14,700 ஏக்கரில் இருபோகம் விளைவிக்கிறது. மேலிருந்து தராததை மலைக்குள்ளிருந்து தந்தவன் யார்? உங்கள் தண்ணீர் பூமிக்குள் வற்றிவிட்டால் ஓடும் நீரைக் கொண்டுவருபவன் யார் என்ற கேள்வி (67:30) நம் வாய்க்கால் கரையில் நின்று ஓதவேண்டியதல்லவா?

மேகத்தைப் பார்க்கும் முஃமினின் உள்ளம் எப்படி இருக்க வேண்டும்? அண்ணலார் (ஸல்) அவர்கள் கருமேகத்தைக் கண்டால் முகம் மாறி, உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருப்பார்கள். மழை பெய்தபின்னரே அந்தக் கவலை நீங்கும். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் காரணம் கேட்டபோது, ஆது கூட்டத்தாரை நினைவூட்டினார்கள். தங்கள் பள்ளத்தாக்கை நோக்கி வந்த மேகத்தை மழை என்று கொண்டாடினர் அவர்கள். அதில் வந்ததோ வேதனைக் காற்று (46:24). மழை பெய்தால் அதைப் பயனுள்ள மழையாக ஆக்குமாறு பெருமானார் (ஸல்) துஆச் செய்தார்கள். ஒருமுறை, இறைவனிடமிருந்து புதிதாக வந்தது என்று கூறி, தம் ஆடையை விலக்கி மேனியில் மழைபடச் செய்தார்கள் (முஸ்லிம்). அச்சம், ஆதரவு, மகிழ்ச்சி மூன்றும் அந்த உள்ளத்தில் கூடியிருந்தன.

நம் நிலை என்ன? நெல் நட்டவர் மழை கேட்கிறார். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையைப் பயிரிட்டவரோ, அறுவடை வேளையில் மழை வந்தால் பழம் வெடித்துக் கடனாளியாகிறார். அந்த வேதனை உண்மையானது. அதை யாரும் இலேசாகப் பேசவேண்டாம். ஆனாலும் மழையையும் காற்றையும் ஏசுவது கூடாது. காற்றை ஏசுவதை நபி (ஸல்) தடுத்து, அதன் நன்மையைக் கேட்கவும் தீங்கைவிட்டுக் காவல் தேடவும் கற்றுத் தந்தார்கள். மழை மிகுந்தபோது, எங்கள் மீதின்றிச் சுற்றுப்புறங்களில் பொழியச் செய் என்று அவர்கள் கேட்ட துஆ புகாரியில் உள்ளது. ஏச்சுக்குப் பதில் துஆ: இதுவே முஃமினின் வழி.

நடைக்குரிய ஒழுங்குகள் சில:

1. ரஹ்மானின் அடியார்கள் பூமியில் பணிவாக நடப்பர் (25:63). கர்வ நடை கூடாது.

2. மஃரிபுக்குத் திரும்பிவிட வேண்டும். நடை தொழுகையைப் பிந்தச் செய்தால் அது நன்மையன்று.

3. வெள்ளத்தின்போது சுருளி அருவிக்குத் தடைவிதித்தால் கட்டுப்படுங்கள். 2018 மார்ச்சில் போடிக்கு மேலே குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்றோர் பலர் மாண்டதை மறக்கலாகாது. உங்களை நீங்களே அழிவில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்பது இறைக்கட்டளை (2:195).

4. வெளியே போக இயலாத பெண்களும் முதியோரும் மொட்டைமாடியிலிருந்து பார்க்கலாம். குழந்தைகளுக்கு மேகத்தைக் காட்டி அதை ஓட்டுபவனைச் சொல்லிக் கொடுங்கள்.

தஸ்பீஹ் மணியை நடையிலும் உருட்டலாம். இடி அவனைப் புகழ்ந்து துதிக்கிறது என்கிறது திருமறை (13:13). இடி துதிக்கும்போது கேட்டு நிற்கும் நாம் வாய்மூடி இருக்கலாமா?

பார்க்கும் கண்ணையும், படிப்பினை பெறும் உள்ளத்தையும் வல்ல நாயன் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.