மணலில் புதையும் வண்ணக் கடல் நத்தைகள்

பவழத் திட்டுகளைக் காணும் பொருட்டு மூழ்குவோர், அவற்றிற்கு இடையே பரந்துள்ள வெறும் மணலைப் பொருட்படுத்தாது கடந்துவிடுவது வழக்கம். உயிரற்றதாகத் தோன்றும் அம்மணலிலேயே அழகிய கடல் நத்தைகள் சில வாழ்கின்றன. இவற்றிற்கு வெளியோடு கிடையாது. சிலவற்றில் மெல்லிய ஓட்டின் எச்சம் உடலினுள் மறைந்துள்ளது. தலை, அகன்ற கேடயம் போன்றது. கலப்பையின் கொழு நிலத்தைப் பிளப்பதுபோல் இக்கேடயம் மணலைப் பிளந்து செல்கிறது.

இந்து, பசிபிக் மகாசமுத்திரங்களில் வாழும் செலிடோனூரா ஹிருண்டினினா என்பது இவ்வகையினது. நீளம் சில சென்டிமீட்டரே. கரிய உடலில் நீலக் கோடுகளும் ஆரஞ்சு நிறமும் காணப்படும். பின்முனை இரு வால்களாகப் பிரிந்திருக்கும். இதனாலேயே பெயரின் இரு பகுதிகளும், ஒன்று கிரேக்கத்திலும் மற்றது லத்தீனிலும், தகைவிலான் குருவியைக் குறிக்கின்றன. சிறு தட்டைப் புழுக்களே இதன் உணவு. வேறு பிரிவைச் சார்ந்த ஆர்மினாவும் மணலில் புதைவதே. அது கடற்பேனா எனப்படும் உயிரினங்களைத் தின்கிறது.

பிராணியைத் தேடுவதினும் அதன் தடத்தைத் தேடுவதே மேல். மணற்பரப்பில் வளைந்து செல்லும் மெல்லிய வரப்பின் ஒரு முனையில் நத்தை இருக்கக்கூடும். புழுக்களும் ஓடுள்ள நத்தைகளும் இத்தகைய தடங்களை விடுவதுண்டாதலால் ஏமாற்றமும் நேரும். எனினும் மணலைத் தோண்டுதல் தகாது. கலிபோர்னியக் கரையில் வாழும் நவானாக்ஸ் என்னும் நத்தை, பிற நத்தைகள் விட்ட சளித்தடத்தைப் பின்பற்றியே இரையையும் துணையையும் அடைகிறது. அதனைத் துன்புறுத்தினால் மஞ்சள் நிறப் பொருளொன்றைத் தடத்தில் கலக்கிறது. பின்தொடரும் நவானாக்ஸ் அதனையுணர்ந்து விலகிச் சென்றுவிடும். ஆகவே, கைபட்ட பிராணியின் நடத்தை அதன் இயல்பான நடத்தையன்று. கால்துடுப்பினால் மணலைக் கிளப்பாமல், சற்று மேலே அசைவின்றி மிதந்து காத்திருத்தல் வேண்டும்.

நிறத்தைக் குறிப்பதில் பிழைகள் மிகுதி. நீர் செந்நிற ஒளியை விரைவில் உறிஞ்சிவிடுவதால், பத்து மீட்டர் ஆழத்தில் சிவப்பு மங்கிச் சாம்பலாகத் தெரியும். கைவிளக்கை ஏந்திய பின்னரே உண்மை நிறம் புலப்படும். சாராயத்தில் பதப்படுத்திய மாதிரியிலோ வண்ணங்கள் மறைந்தே போகின்றன. புட்டியிலுள்ள வெளிறிய உடலைக் கொண்டு அதன் நிறத்தை எவராலும் கூறவியலாது. எனவே, நீருக்கு அடியிலேயே சிலேட்டில் நிறம், கோடுகளின் அமைப்பு, ஆழம், நேரம் ஆகியவற்றை எழுதிவிடுதல் அவசியம். விளக்கொளியில் கண்ட நிறமா, விளக்கின்றிக் கண்டதா என்பதையும் உடன் குறித்தல் வேண்டும்.