பக்கத்து விலைகள் ஏன் பொருந்தவில்லை?

கேள்வி: வாடிக்கையாளர்கள் கேட்கும் விலைகளை ஜாவாவின் கன்கரன்ட்ஸ்கிப்லிஸ்ட்செட்டில் வைத்திருக்கிறேன். ஒரு விலைக்கு முந்தையதை லோயரும் அடுத்ததை ஹையரும் தருகின்றன. சில நேரம் பொருந்தாத ஜோடி வருகிறது. பல திரெட்டுகளைத் தாங்கும் தொகுப்புதானே, ஏன் இப்படி?

பதில்: நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். பலரும் இந்த ஜோடியை அப்படியே நம்பிவிடுவார்கள்.

திரெட் என்பது ஒரே புரோகிராமுக்குள் மற்றவற்றோடு சேர்ந்து ஓடும் தனி வேலை. எத்தனை திரெட் தொட்டாலும் குலையாது என்ற உறுதி ஒவ்வோர் அழைப்புக்கும் தனித்தனியாகத்தான் உண்டு. இரண்டு அழைப்புக்குச் சேர்த்து இல்லை. தொகுப்பில் 100, 400 இருக்கின்றன. 250-க்கு லோயர் கேட்கிறீர்கள், 100 வருகிறது. அதற்குள் இன்னொரு திரெட் 200-ஐச் சேர்க்கிறது, பிறகு 300-ஐ. இப்போது ஹையர் கேட்டால் 300. கையில் இருப்பது 100, 300. இவை எந்தக் கணத்திலும் அடுத்தடுத்து இருந்ததே இல்லை! நெரிசல் நேரத்தில் மட்டும் தலைகாட்டும் கோளாறு என்பதால் சோதனையில் எளிதில் சிக்காது.

தொகுப்பே இரண்டு விலைகளையும் ஒரே அழைப்பில் தரக்கூடாதா? வில்லியம் பியூ 1990-இல் விளக்கிய ஸ்கிப் லிஸ்ட்தான் உள்ளே இருக்கிறது: வரிசையான ஒரு சங்கிலி, அதன்மேல் சில நிலையங்களில் மட்டும் நிற்கும் எக்ஸ்பிரஸ் தடங்கள். சங்கிலியில் ஒவ்வொரு கண்ணிக்கும் அடுத்ததைத்தான் தெரியும், முந்தையதைத் தெரியாது. காரணம், இணைப்பை மாற்றுவது கம்பேர்-அண்ட்-ஸ்வாப். ‘நான் பார்த்த மதிப்பே இன்னும் இருந்தால் மட்டும் மாற்று’ என்ற செயலி ஆணை. அது ஒரு நேரத்தில் ஓரிடத்தைத்தான் மாற்றும். பின்னோக்கிய இணைப்பும் இருந்தால் இரண்டிடத்தைச் சேர்ந்தாற்போல் மாற்ற வேண்டிவரும்.

அதனால் லோயர் பின்னால் நகர்வதில்லை. மேல் தடத்திலிருந்து புதிதாகத் தேடி இறங்குகிறது. 10 லட்சம் உறுப்புகளிலும் சில பத்து ஒப்பீடுகள்தான். எல்லாவற்றையும் பட்டியலாக நகலெடுத்துப் பார்க்கத் தேவையே இல்லை. ஆனால் இறங்குவரிசையில் முழுக்க நடந்தால் ஒவ்வோர் அடிக்கும் ஒரு தேடல் ஆகும்.

உங்கள் விலைகள் சேர மட்டுமே செய்யும், நீங்காது என்றால் வழி எளிது: லோயர், ஹையர், மறுபடி லோயர். இரண்டு லோயரும் ஒன்றானால் ஜோடி சரி, இல்லையேல் முதலிலிருந்து. நீக்கமும் உண்டென்றால் இது போதாது, ஏனென்றால் 200 நடுவில் வந்து போயிருக்கலாம். அப்போது ட்ரீசெட் என்ற சாதாரண வரிசைத் தொகுப்பை எடுத்து, படிப்பவரும் எழுதுபவரும் ஒரே லாக்கைப் பிடித்த பிறகே தொடும்படி செய்யுங்கள். லாக் என்பது ஒருவர் முடிக்கும்வரை மற்றவரை நிறுத்திவைக்கும் பூட்டு.

முதல் வழியில் லோயர் விடைகளை ஒப்பிட இரட்டைச் சமன்குறி வேண்டாம்; இரண்டும் ஒரே எண்ணாக இருந்தும் வேறு பொருள்கள் என்று சொல்லிவிடக்கூடும். ஆப்ஜெக்ட்ஸ்.ஈக்வல்ஸ் போடுங்கள். முன்னால் எதுவுமே இல்லாதபோது வரும் நல், அதாவது வெறுமை, அதையும் அது பார்த்துக்கொள்ளும்.