கடல் கொள்ளையர் கதை: சிரிப்பா, வீரமா, பயமா?

 

அடுத்த மாதம் முதல் நம் சுவர்ப் பத்திரிகையில் கடல் கொள்ளையர் தொடர்கதை வரப்போகிறது. கதை ரெடி. ஆனால் அதை எப்படிச் சொல்வது என்பதில்தான் வகுப்பில் சண்டை. "சிரிப்பா எழுதலாம்" என்று ஒரு பக்கம். "வீரமா எழுதணும்" என்று இன்னொரு பக்கம். கதை சொல்லும் குரலுக்குத்தான் தொனி என்று பெயர். அதை எப்படி முடிவு செய்வது?

ஒரே காட்சியை மூன்று விதமாகச் சொல்லிப் பார்ப்போம். கொள்ளையர் கப்பல் வருகிறது.

1. சிரிப்பு: தலைவன் கத்தியை உருவினான். கைப்பிடி மட்டும்தான் வந்தது. மீதி துருப்பிடித்து உறைக்குள்ளேயே இருந்தது!

2. வீரம்: "வரட்டும்! நம் வாள் பதில் சொல்லும்!" என்று முழங்கினான் மாலுமி.

3. பயம்: விளக்கை அணைத்தார்கள். யாரும் பேசவில்லை. துடுப்புச் சத்தம் மட்டும் கிட்டே கிட்டே வந்தது.

காட்சி ஒன்றுதான். நம்ம மனசு மாறுது பாருங்க!

சாண்டில்யனின் 'கடல் புறா'வில் கதாநாயகன் கருணாகரத் தொண்டைமான். படைத்தலைவன் கதை என்பதால் வீரம் பொருந்துகிறது. ஸ்டீவன்சனின் 'புதையல் தீவு' 1883-ல் புத்தகமாக வந்தது. அதில் பெரும்பகுதியை ஜிம் என்ற சிறுவன் சொல்கிறான். ஒற்றைக்கால் சில்வர் இனிமையாகப் பேசுவான், கொலையும் செய்வான். ஜிம்முக்கு அவனைப் பிடிக்கவும் செய்யும், பயமாகவும் இருக்கும். ஆகவே யார் கதை சொல்கிறார் என்று முடிவு செய்தால் தொனி தானாக வரும்.

நானும் முதலில் சிரிப்புக் கட்சிதான். பிறகு ஓர் உண்மைச் செய்தி படித்தேன். 2010 செப்டம்பரில் 'அஸ்பால்ட் வென்ச்சர்' என்ற கப்பலைச் சோமாலியக் கொள்ளையர் பிடித்தார்கள். அதில் 15 இந்திய மாலுமிகள். 2011 ஏப்ரலில் பணம் வாங்கிக்கொண்டு கப்பலையும் 8 பேரையும் விட்டார்கள். மீதி 7 பேரை விடவில்லை. அவர்கள் விடுதலையானது 2014 அக்டோபரில். நாலு வருஷம்! அந்த வீட்டுப் பிள்ளைகள் நம் கதையைப் படித்தால் சிரிப்பார்களா?

அதற்காகச் சிரிப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. கொள்ளையனின் வெட்டிப் பெருமையைப் பார்த்துச் சிரிக்கலாம். பிடிபட்டவரின் கண்ணீரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது.

"கடலையே பார்க்காத நாம எப்படிடீ எழுதுறது?" என்று ஒருத்தி கேட்டாள். நம் ஊர்ச் சுண்ணாம்புக்கல்லில் சிப்பி இருக்கிறதே, சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். உண்மையான பதில் வேறு. லோடு ஏற்றிப் போன அப்பாவின் லாரி ராத்திரி திரும்பாவிட்டால் வீடு எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். கப்பல்காரர் வீட்டிலும் அதே பயம்தான்.

ஆகவே என் யோசனை இது. கப்பலில் சமையலுக்கு எடுபிடியாகப் போன நம்மூர்ப் பையன் கதை சொல்லட்டும். அவன் கடலைப் பார்த்து முழிப்பதில் சிரிப்பு வரும். அம்மாவை நினைக்கும்போது நமக்கும் தொண்டை அடைக்கும்.

நீங்களும் முதல் பத்து வரியை எழுதி, சத்தமாகப் படித்துப் பாருங்கள். எந்தக் குரல் பொருந்துகிறது என்று காதே சொல்லிவிடும். வெள்ளிக்கிழமைக்குள் கொடுங்க!


ஒன்பதாம் வகுப்பு மாணவி