குறி பார்க்கக் கற்ற கதை

செங்கற்பட்டை அடுத்த அனுமந்தபுரத்தில் துப்பாக்கி சுடும் பயிற்சித் தளம் ஒன்று உண்டு. படைவீரரும் காவலரும் அங்கே பயிற்சி பெறுகின்றனர். அவர்கள் கற்கும் கலை வளர்ந்த வகையை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

1758-59-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, செங்கற்பட்டிலிருந்து கும்பினிப் படையினர் புறப்பட்டு அவரை அலைக்கழித்தனர். யூசுப்கானின் சிப்பாய்களும் அவர்களுள் இருந்தனர். அக்காலத் துப்பாக்கியின் குழல் உட்புறம் வழவழப்பானது. குண்டோ குழலைவிடச் சற்றுச் சிறியது. நூறு கஜத்துக்கு அப்பால் தனியொருவனைக் குறிதவறாது சுடுதல் அரிது. ஆகவே, காகிதப் பொதியைப் பல்லால் கடித்து, மருந்தைக் கொட்டி, குண்டைக் கம்பியால் இடித்து, ஆணை பிறந்ததும் வரிசையாக ஒருசேரச் சுடுவதே பாடமாயிற்று. வேகமும் ஒழுங்குமே தேர்ச்சி எனப்பட்டன.

1853-ஆம் ஆண்டின் என்பீல்டு துப்பாக்கி இந்நிலையை மாற்றியது. குழலுள் வெட்டிய திருகுவரிகளால் குண்டு சுழன்று நெடுந்தூரம் நேராகச் சென்றது. ஆயினும் செல்லச்செல்லக் குண்டு தாழும். தூரத்தைத் தவறாகக் கணித்தால் குறியும் தவறும். எனவே தொலைவைக் கண்ணால் மதிப்பிடுதல் புதிய பாடமாயிற்று. அவ்வாண்டே இங்கிலாந்தில் ஹைத் என்னும் ஊரில் சுடுபயிற்சிப் பள்ளி தோன்றியது.

1899-1902 போயர் போரில் மறைந்திருந்து சுட்டவர்களிடம் ஆங்கிலேயர் பெரும் இழப்புற்றனர். அதன்பின் மறைவிடம் தேடுதலும் விரைந்து குறிபார்த்தலும் பயிற்சியில் வலுப்பெற்றன. 1914-க்கு முன் நிமிடத்துக்குப் பதினைந்து முறை குறிபார்த்துச் சுட ஆங்கிலப் படையினர் பழகினர். அவர்கள் ஏந்திய .303 துப்பாக்கியை, ஒவ்வொரு முறையும் கையால் தாழ்ப்பாளை இழுத்துச் சுடவேண்டும். 1962 சீனப் போரிலும் நம் வீரர் அதனையே ஏந்தினர். பின்னர்த் தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் 7.62 மி.மீ. துப்பாக்கியும், 1990-களில் 5.56 மி.மீ. இன்சாஸும் வந்தன. இன்று தோட்டாவின்றித் திரையில் சுடும் கருவிகளும் பயிற்சிக்குத் துணைபுரிகின்றன.

கருவி எளிதாக ஆக, வீரனின் பொறுப்பு பெருகியது. அன்று ஆணையிட்டவர் ஒருவர். சுட்டவர் நூறு பேர். இன்றோ திடீரெனத் தோன்றும் உருவம் பகைவனா, பொதுமகனா என்பதைச் சுடுபவனே நொடிப்பொழுதில் தெளியவேண்டும். மூச்சை அடக்கி, உடல் அசையாமல், விசையை மெல்ல அழுத்தும் பழக்கம் தேசிய மாணவர் படையில் .22 துப்பாக்கி ஏந்தும் மாணவருக்கும் முதற்பாடம். சுடாமல் நிற்கும் நிதானமே அதன் முடிந்த பாடம் எனலாம்.