அரக்குப் புடவையை வைத்துப் பாருங்கள்

ஸ்கேனர் வாங்கக் கிளம்புகிறவர்கள் முதலில் பெட்டிமேல் அச்சிட்ட டிபிஐ எண்ணைத்தான் பார்க்கிறார்கள். களம்பூரில் என் மாமா எடுத்து வைத்திருந்த பட்டுப்புடவை ஸ்லைடுகளைக் கணினியில் ஏற்றிய பிறகு, நான் அந்த எண்ணைக் கடைசியாகத்தான் பார்க்கிறேன்.

ஆரணி வட்டாரத் தறிகளில் இறங்கிய புடவைகளை மாமா டிசைன் நினைவுக்காகக் கலர் ஸ்லைடில் எடுத்து வைப்பார். அந்தப் பழைய பார்டர்களை மறுபடி நெய்து தரச் சொல்லி இப்போது கேட்கிறார்கள். கிராஃப் தாளில் டிசைன் போடுகிறவருக்குச் சரிகை எங்கே மேலே வருகிறது, எங்கே அடியில் போகிறது என்று தெரிந்தாக வேண்டும். அரக்கு உடல், சரிகை பார்டர் என்றால் ஒரே ஸ்லைடில் கும்மிருட்டும் கண்ணைப் பறிக்கும் மினுக்கமும் சேர்ந்திருக்கும். ஸ்கேனருக்கு இதைவிடக் கடுமையான பரீட்சை கிடையாது.

ஸ்லைடின் கறுப்பு, நெகட்டிவில் இருப்பதைவிட அடர்த்தியானது. அடர்த்தி 3 என்றால் வெளிச்சத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஊடுருவும், 3.6 என்றால் நாலாயிரத்தில் ஒரு பங்கு. ஸ்கேனரால் பார்க்க முடிந்த உச்ச அடர்த்தியைத்தான் டிமேக்ஸ் என்று குறிக்கிறார்கள். எப்சன் வி600க்கு 3.4, நிக்கான் கூல்ஸ்கேன் 5000க்கு 4.8 என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். இவையும் ஏட்டுக் கணக்குதான். அதனால் உங்களிடம் உள்ளதிலேயே இருண்ட ஸ்லைடைக் கையோடு கொண்டுபோய் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். அரக்கில் மடிப்பு தெரிகிறதா, வெறும் கரியாக நிற்கிறதா என்று பாருங்கள்.

டிபிஐக்கு வருவோம். வி600 பெட்டியில் 6400 என்று இருக்கும்; சோதனைத் தகடு வைத்து அளந்தவர்களுக்குக் கிடைத்தது சுமார் 1600. பிளஸ்டெக் 8200ஐ 7200 என்று சொல்லிக்கொண்டாலும் உண்மையில் தருவது அதில் பாதிக்கும் குறைவு. ஆனால் அதுவே ஸ்லைடுக்குத் தாராளம். 36 மி.மீ. அகலத்தை 4000 டிபிஐயில் எடுத்தால் ஏறத்தாழ 5,670 புள்ளிகள். அதற்கு மேல் போனால் ஃபிலிமின் மணல்தான் பெரிதாகும்.

நம் ஊருக்கு அவசியமானது அகச்சிவப்பு வசதி. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஸ்லைடில் பூஞ்சை பிடிக்காத வீடு அபூர்வம். அகச்சிவப்புக் கதிர் சாயத்தைக் கடந்துவிடும், தூசியில் தடைபடும். அந்த வித்தியாசத்தை வைத்து மென்பொருள் தூசியை அழிக்கிறது. பூஞ்சை தின்றுவிட்ட நிறத்தை மட்டும் அதனாலும் மீட்க முடியாது. பூஞ்சைப் புள்ளியைத் தண்ணீர் தொட்டுத் துடைக்கவே கூடாது, ஜெலட்டின் கரைந்து படமே வழித்துக்கொண்டு வந்துவிடும். கோடாக்ரோம் ஸ்லைடுகளுக்கு இந்த வசதியை அணைத்துவிடுங்கள். அதன் சாயம் அகச்சிவப்பையும் ஓரளவு மறிப்பதால், நல்ல கறுப்பையே தூசி என்று எண்ணி நிரவிவிடும்.

“பழைய நிக்கான் ஒண்ணு கிடைக்குதாம், வாங்கிடலாமா மாமா?” என்று கேட்டேன். “ரிப்பேர் ஆனா யாருடா பாப்பாங்க?” என்றார். நியாயமான கேள்வி. கூல்ஸ்கேன் உற்பத்தி நின்று பல ஆண்டுகளாகிவிட்டன. வியூஸ்கேன் மென்பொருள் இருந்தால் புதிய கணினியிலும் ஓடும். ஆனால் உள்ளே கண்ணாடியில் தூசி படிந்திருந்தால் சரிகையைச் சுற்றிப் புகைபோல ஒளி கசியும். அதைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

சில ஆயிரத்துக்கு விற்கும் ‘உடனடி’ ஸ்லைடு கருவிகள் ஸ்கேனரே அல்ல, சின்ன கேமரா. அதற்குப் பதில், மேக்ரோ லென்ஸ் வைத்த கேமரா ஏற்கெனவே கையில் இருந்தால் நல்ல எல்இடி பலகைமேல் ஸ்லைடை வைத்துப் படம் எடுப்பது எவ்வளவோ மேல், வேகமும்கூட. தூசியை மட்டும் நாமே ஊதித் தள்ள வேண்டும். குடும்பப் படங்களையெல்லாம் நான் அப்படித்தான் முடித்தேன். புடவைகளுக்கு மட்டும் பிளஸ்டெக். அதில் தானியங்கி ஃபோகஸ் கிடையாது. அட்டை மவுண்டில் வளைந்துபோன ஃபிலிமை பிளாஸ்டிக் மவுண்டுக்கு மாற்றிவிட்டு வையுங்கள்.

16 பிட் டிஃப் கோப்பாகச் சேமித்தால் 4000 டிபிஐயில் ஒரு ஸ்லைடு ஏறக்குறைய 128 எம்பி வரும். வரட்டும். டிசைன் போடுகிறவருக்கு அதை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள், சுருக்கும்போது சரிகை இழைதான் முதலில் காணாமல் போகும். பென்டிரைவில் கொடுங்கள்.