மழைக்கும் தீக்கும் நடுவே

அன்புள்ள தங்கைக்கு,

அரையாண்டு விடுமுறையில் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, தம்பி என எல்லாரையும் கூட்டிக்கொண்டு ஒருநாள் மலைநடை போக ஆசை, எங்கே போகலாம் என்று கேட்டிருந்தாய். பலரும் ஊரை முடிவுசெய்துவிட்டு நேரத்தைப் பிறகு பார்த்துக்கொள்கிறார்கள். நீ அதை மாற்றிச் செய். எந்தத் தேதியில், எத்தனை மணிக்குப் புறப்பட்டு, எத்தனை மணிக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும் என்பதை முதலில் எழுது. அந்தக் கணக்குக்குள் அடங்கும் மலை எதுவோ, அதுதான் உங்கள் குடும்பத்துக்கு ஏற்ற மலை.

தமிழ்நாட்டில் மலைநடைக்குத் தோதான காலம் குறுகியது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைதான் மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியைக் கொடுக்கிறது. அந்த நாட்களில் ஓடைகளில் வெள்ளம் சொல்லாமல் வரும். பாசி படிந்த பாறை வழுக்கும். ஊறிப்போன மண் சரியும். 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து விழுந்து 7 பேர் உயிரிழந்தனர்.

மழை முடிந்த சில வாரங்களில் நிலைமை நேர்மாறாகிவிடும். ஆளுயரப் புல் காய்ந்து சருகாகும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினர். 23 பேர் இறந்தனர். சரிவில் பற்றிய தீ மேல்நோக்கி மிக வேகமாக ஏறும். கீழே எரியும் சுவாலையின் வெப்பம், மேலே உள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திச் சூடேற்றிவிடுவதே காரணம். காற்றும் அதே திசையில் வீசினால் மனிதரால் ஓடித் தப்ப முடியாது.

ஆக, மழைக்கும் தீக்கும் நடுவே கிடைப்பது மார்கழியின் பிற்பாதியும் தை மாதமும்தான். ஓடைகளில் நீர் இருக்கும், பாறை காய்ந்திருக்கும், வெயில் தணிந்திருக்கும், வானம் தெளிந்திருக்கும். இதை அரசின் ஏற்பாடும் ஒப்புக்கொள்கிறது. குரங்கணிக்குப் பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 தடங்களோடு ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் தொடங்கப்பட்டது. இணையத்தில் முன்பதிவு செய்தால், வனத்தை நன்கறிந்த உள்ளூர் வழிகாட்டிகள் உடன் வருவார்கள். தடங்கள் எளிது, நடுத்தரம், கடினம் என்று வகைபிரிக்கப்பட்டுள்ளன. உன் வயதினருக்குப் பெற்றோரின் ஒப்புதல் தேவை. காட்டுத்தீக் காலம் என்பதால் 2025இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை இந்தத் தடங்கள் மூடப்பட்டன.

காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது சட்டப்படி குற்றம். ‘நமக்குத் தெரிந்த வழி’ என்று யார் அழைத்தாலும் போகாதே. அனுமதிச்சீட்டு இருந்தால்தான் நீங்கள் மலையில் இருப்பது வனத்துறைக்குத் தெரியும். ஆபத்து என்றால் தேடி வரவும் முடியும்.

இனி நேரக் கணக்கு. 1892இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு எளிய விதியைச் சொன்னார். சமதளத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். உலகெங்கும் மலையேறுபவர்கள் இன்றும் இதைக் கையாளுகிறார்கள். போக வர 6 கிலோமீட்டர், ஏற்றம் 300 மீட்டர் என்று வைத்துக்கொள். தூரத்துக்கு 1 மணி 12 நிமிடம், ஏற்றத்துக்கு 30 நிமிடம். மொத்தம் 1 மணி 42 நிமிடம். இது நல்ல உடற்கட்டுள்ள பெரியவர் நிற்காமல் நடந்தால் ஆகும் நேரம். குழந்தையும் முதியவரும் உள்ள குடும்பத்துக்கு அதை இரட்டிப்பாக்கு. சாப்பிடவும் இளைப்பாறவும் ஒரு மணி நேரம் சேர். நாலரை மணி நேரம் ஆகிறது. காலை 7 மணிக்கு நடக்கத் தொடங்கினால் பதினொன்றரைக்குக் கீழே இருப்பீர்கள்.

மார்கழியில் பகல் ஏறக்குறைய பதினொன்றரை மணி நேரம்தான். வட மாவட்டங்களில் டிசம்பர் கடைசியில் 5.50 வாக்கில் சூரியன் மறைந்துவிடும். மரங்கள் அடர்ந்த சரிவில் அதற்கு அரை மணி நேரம் முன்பே பாதை மங்கிவிடும். ஆகவே திரும்பும் நேரம் ஒன்றைக் காலையிலேயே குறித்துவிட வேண்டும். அந்த நேரம் வந்ததும் உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும் திரும்பிவிட வேண்டும். ‘இன்னும் பத்தே நிமிடம்தான்’ என்று ஏறிப்போய், செல்பேசி வெளிச்சத்தில் தடுமாறி இறங்குகிறவர்கள்தான் கால் பிசகிக்கொள்கிறார்கள்.

முதல் நடைக்குச் செஞ்சியைச் சொல்வேன். சென்னையிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர்; திண்டிவனம் – திருவண்ணாமலை சாலையிலேயே இருக்கிறது. தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள கோட்டை என்பதால் வழி தவறும் அச்சம் இல்லை. அங்கே நீங்கள் ஏறப்போகும் ராஜகிரிக் குன்று சுமார் 240 மீட்டர் உயரம். நெய்ஸ்மித் கணக்கில் ஏற்றம் அரை மணி நேரத்துக்குள் அடங்கும் என்றாலும், உயரம் ஒன்றுபோல் இல்லாத கற்படிகளில் குடும்பமாக ஏற ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். டிசம்பரிலும் பதினொரு மணிக்கு மேல் கருங்கல் சுடத் தொடங்கும். எனவே காலையில் கதவு திறந்ததும் ஏறிவிடு. பிற்பகலில் குறித்த நேரத்துக்கு மேல் ராஜகிரியில் ஏற விடுவதில்லை.

ஏறும்போது வாயில்களைக் கவனி. பல வாயில்கள் நேராகத் திறக்காமல் திருப்பத்தில் இருக்கும். ஓடி வரும் படை வேகம் இழக்கவேண்டும் என்பதற்காக. உச்சிக்குச் சற்று முன்னால் பாறை பிளந்து ஆழமான பள்ளம் ஒன்று குறுக்கே கிடக்கிறது. அதன்மேல் உள்ள ஒரே பாலத்தைக் கடந்தால்தான் மேலே போகமுடியும். பாலத்தை எடுத்துவிட்டால் உச்சி தனித்தீவுதான். மேலே களஞ்சியமும் அரங்கநாதர் கோயிலும் உள்ளன. சிவாஜி 1677இல் கைப்பற்றிய இக்கோட்டையில், அவர் மகன் ராஜாராம் தஞ்சம் புகுந்தபோது முகலாயப் படை ஆண்டுக்கணக்கில் முற்றுகையிட்டு, 1698இல்தான் அதைப் பிடித்தது. அந்தப் பள்ளத்தின் விளிம்பில் நின்று பார்த்தால் ஏன் அத்தனை ஆண்டு ஆனது என்று தம்பிக்கே விளங்கும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர் கோட்டைகள் 12ஐ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவற்றில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான். தாத்தா பாட்டியால் ஏற முடியாவிட்டால் அடிவாரத்தில் கல்யாண மகால் இருக்கிறது. மர நிழலும் உண்டு.

தெற்கே இருப்பவர்களுக்கு மதுரை மேலூர் அருகே அரிட்டாபட்டி. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். ஏழு குன்றுகள், சமணர் படுக்கை, தமிழி எழுத்துக் கல்வெட்டு, பாண்டியர் காலக் குடைவரைக் கோயில், அவற்றின்மேல் வட்டமிடும் வல்லூறுகள் என்று ஒரே காலையில் பார்க்க நிறைய இருக்கிறது. 2024 இறுதியில் இந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டபோது ஊர்மக்கள் திரண்டு போராடினார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. நீ மிதிக்கும் பாறை அந்த மக்கள் மீட்டது; அங்கே பெயர் கிறுக்கவோ குப்பை போடவோ யாருக்கும் உரிமையில்லை.

ஏறவே முடியாதவர்கள் வீட்டில் இருந்தால் வேடந்தாங்கலைத் தேர்ந்தெடு. ஏரிக்கரை சமதளம், நடை முழுக்க நிழல். நீருக்குள் நிற்கும் மரங்களில் நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், பாம்புத்தாரா, கூழைக்கடா எல்லாம் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் காலம் இதுதான். இரை தேடப் போன பறவைகள் மாலை நான்கு மணிக்கு மேல் கூட்டங்கூட்டமாகத் திரும்பும். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அறிந்த ஊர்மக்கள், 18ஆம் நூற்றாண்டிலேயே வேட்டையை எதிர்த்து ஆங்கிலேய ஆட்சியரிடம் பாதுகாப்பு ஆணை வாங்கினார்கள்.

காணும் பொங்கலன்று கட்டுச்சோற்றோடு குடும்பமாக ஆற்றங்கரைக்கும் கோயிலுக்கும் கிளம்புவது நம் வழக்கம். நல்ல வழக்கம்தான், ஆனால் அன்று எங்கும் கூட்டம் நெரியும். நடக்க விரும்பினால் அதற்கடுத்த வாரத்தை எடுத்துக்கொள்.

பையில் முதல் இடம் தண்ணீருக்கு. ஆளுக்கு மணிக்கு அரை லிட்டர் என்று வை. ஆறு பேர், நான்கு மணி நேரம் என்றால் 12 லிட்டர், அதாவது 12 கிலோ. அதை எல்லார் பையிலும் பிரித்து வை. சாப்பாட்டுக்குப் புளியோதரையும் எலுமிச்சைச் சோறும் நெடுநேரம் கெடாது. நீலகிரி, கொடைக்கானல் பக்கம் போவதானால் 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயம். கம்பளி உடையும் வேண்டும். நூறு மீட்டர் ஏறினால் வெப்பம் அரை டிகிரிக்கு மேல் குறையும். 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் தை மாத விடியலில் புல்வெளி உறைபனியால் வெளுத்திருக்கும். வியர்வையில் நனைந்த பருத்திச் சட்டையோடு மலைக்காற்றில் உட்கார்ந்தால் உடல் சட்டென்று குளிர்ந்துவிடும். மாற்றுச் சட்டை ஒன்று எடுத்துக்கொள்.

பாறை இடுக்கில் மலைத்தேனீ கூடு தொங்கினால் சத்தமில்லாமல் விலகிப் போ. வாசனைத் திரவியமும் புகையும் அவற்றைச் சீண்டும். குரங்குக்குத் தீனி போடாதே, பையைத் திறந்து காட்டாதே. புதரில் உட்காராமல் பாறையில் உட்கார். மழைக்குப் பிந்தைய குளிர்மாதங்களில் புதர்களில் உள்ள நுண்ணிய உண்ணிகளால் உண்ணிக்காய்ச்சல் பரவுகிறது. வீடு திரும்பியதும் குளித்து உடைகளைத் துவைத்துவிடுங்கள். இரண்டு மூன்று வாரங்களுக்குள் யாருக்காவது கடும் காய்ச்சல் வந்தால், அக்குள், இடுப்பு போன்ற இடங்களில் வலியில்லாத கருமையான பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவரிடம் ‘புதர்க்காட்டில் நடந்தோம்’ என்று மறக்காமல் சொல்லவேண்டும். உரிய மருந்தை நேரத்தோடு கொடுத்தால் விரைவில் குணமாகும். தாமதித்தால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

இன்றே ஒரு தாள் எடு. போகும் இடம், வண்டி எண், நடக்கத் தொடங்கும் நேரம், திரும்பும் நேரம், கீழே வந்து சேரும் நேரம் ஐந்தையும் எழுது. கூட வராத உறவினர் ஒருவரிடம் அதன் படியைக் கொடுத்து, ‘மாலை ஆறு மணிக்குள் எங்களிடமிருந்து அழைப்பு வராவிட்டால் வனத்துறைக்கோ காவல்துறைக்கோ சொல்லுங்கள்’ என்று கேட்டுக்கொள். அதன்பிறகு அப்பாவிடம் தேதி கேள். பிப்ரவரி நடுப்பகுதிக்குள் போய்வந்துவிடுங்கள்.

அன்புடன்,
உன் அண்ணன்