படுதாக் குளத்தில் பாக்டீரியா பொடி போடலாமா?

கேள்வி: எங்கள் ஏலத்தோட்டத்துப் படுதாக் குளத்தில் ஜிலேபி மீன் விட்டிருக்கிறேன், தவளைகளும் உண்டு. டெங்குவுக்காக பாக்டீரியா மருந்து போடச் சொல்கிறார்கள். மீனும் தலைப்பிரட்டையும் செத்துவிடாதா? மழைக்காலத்தில் குளம் வழிந்து ஓடைக்கும் போகிறதே?
— வாசகர், வண்டன்மேடு

பதில்: முதலில் டப்பாவைப் பாருங்கள். 'இஸ்ரேலென்சிஸ்' என்று இருந்தால் அது பி.டி.ஐ.; 1976இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கண்டெடுத்த கிருமி. 'குர்ஸ்டாகி' என்றால் அது பயிர்ப்புழுவுக்கானது, கொசுவுக்கு உதவாது. இந்தக் குழப்பம் கடைக்காரருக்கே உண்டு!

பி.டி.ஐ.யின் நஞ்சு சிறு படிகமாக இருக்கும். கொசுப்புழுவின் காரத்தன்மையுள்ள குடலில்தான் கரையும். அங்கே ஒட்டிக்கொள்ள இடமும் இருப்பதால் குடல் ஓட்டையாகிவிடும். மீனுக்கும் தவளைக்கும் இந்த அமைப்பு இல்லை. சொன்ன அளவில் போட்டால் அவை சாவதில்லை. தட்டான் குஞ்சுக்கும் இதே கதைதான்.

ஆனாலும் 'கொசுவைத் தவிர எதையும் தொடாது' என்ற விளம்பரத்தை நான் ஏற்கமாட்டேன். ஓடைக் கல்லில் ஒட்டி வாழும் கருப்பு ஈயின் புழுவை இது நன்றாகவே கொல்லும். மேற்கு ஆப்பிரிக்க ஆறுகளில் அதற்காகவே ஊற்றினார்கள். அளவு கூடினால், மீன் வளர்ப்பவர்கள் 'பிளட் வார்ம்' என்னும் சிவப்புப் புழுவும் குறையும். பிரான்சின் கமார்க் சதுப்பு நிலத்தில் தெளித்தபின், இரை குறைந்து தகைவிலான் குருவிகள் பொரித்த குஞ்சுகளின் எண்ணிக்கையும் சரிந்தது. நஞ்சு குருவியைத் தொடவில்லை, பசிதான் தொட்டது. ஆகவே குளம் ஓடைக்கு வழியும் நாட்களில் போடாதீர்கள்.

'ஸ்பேரிக்கஸ்' என்று இன்னொரு பாக்டீரியாவும் விற்பனையில் உண்டு. கருப்பு ஈயை அது தொடாது, சாக்கடைக் கொசுவைக் கொல்லும். டெங்கு பரப்பும் ஏடிஸ் எஜிப்டியிடம் அதன் பாச்சா பலிக்காது. கொச்சியில் 2 ஆண்டுகளில் 35 சுற்று தெளித்ததும் சாக்கடைக் கொசுவே அதற்குப் பழகிவிட்டது. 1995இல் வெளியான செய்தி இது. பி.டி.ஐ.யில் பல நஞ்சுகள் சேர்ந்திருப்பதால் கொசு அவ்வளவு எளிதில் பழகுவதில்லை.

உங்கள் நிலைமைக்கு வருவோம். மீன் உள்ள குளத்தில் மருந்தே பெரும்பாலும் தேவையில்லை, புழுவை மீனே தின்றுவிடும். டெங்கு கொசு தேடுவது குளத்தை அல்ல. லயத்துக்குப் பின்னால் கிடக்கும் டயர், மூடாத டிரம், தார்ப்பாய் மடிப்பில் தேங்கிய நீரைத்தான். பொடி அங்கே போகட்டும். கமா போல் வளைந்து துள்ளுபவை தெரிந்தால் பொடியும் வீண்: கூட்டுப்புழு எதையும் தின்னாது. தண்ணீரைக் கவிழ்த்துவிடுங்கள்.